பிளேன் துரைசாமியோடு அரை மணி நேரம்

பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் ஏரிக்கரைகளில் நடந்தே கால் தேய்ந்தவன் நான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்து, “சார், உங்க சர்வீஸ்ல ரொம்ப பயந்த நாள் எது?” என்று கேட்டீர்கள். கரை உடைந்த கதையோ வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட கதையோ வரும் என்று நோட்டுப் புத்தகத்தைக் கூடத் திறந்து வைத்துக்கொண்டீர்கள். நான் காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நான் ரொம்பவும் பயந்த அந்த நாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சித்திரை மாதம். ஏரி காய்ந்து கிடந்தது. நான் அதற்கு மேலே ஆகாயத்தில் இருந்தேன். இதை வாயால் சொன்னால் நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்துக்கொள்ளுங்கள், தடையில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. உத்திரமேரூர் பிரிவில் ஓவர்சியராகச் சேர்ந்து எனக்கு ஒரு வருஷம் கூட ஆகவில்லை. என் பொறுப்பில் இருந்த ஏரிகளில் ஒன்று மூன்று வருஷமாக நிரம்பவில்லை. மழை பெய்கிறது, பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகின்றன, இது மட்டும் அரை ஏரியோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் வந்து சேர வேண்டிய வரத்துக்கால்வாய் நடுவழியில் எங்கேயோ காணாமல் போயிருந்தது. பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் நடந்தேன். ஒருவரைக் கேட்டால், “எங்க நெலத்துல இல்ல சார், அத்தத் தாண்டிக் கீது” என்று பக்கத்து நிலத்தைக் காட்டுவார். பக்கத்து நிலத்துக்காரர் திரும்ப இவருடைய நிலத்தைக் காட்டுவார். கால்வாயைத் தின்றவர்கள் யாரும் ஏப்பம் விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் துரைசாமி முதலாளி பழக்கமானார். வாலாஜாபாத் போகும் சாலையில் நெல் மில் வைத்திருந்தார். ஐம்பது வயது, பெரிய உடம்பு, வெளுத்த சட்டை. பேசும்போது எதிரில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொள்ளாமல் அவரால் பேச முடியாது. அவர் வயதில் மற்ற மில்காரர்கள் கார் வாங்கினார்கள். இவர் மெட்ராஸில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய விமானத்தையும் வாங்கினார். ஊர் அவருக்குப் ‘பிளேன் துரைசாமி’ என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் பூரித்துப்போகும்.

மழைக்காலத்தில் விமானம் மெட்ராஸில் இருக்கும். பங்குனியில் ஏரி வற்றியதும் இங்கே வந்துவிடும். காய்ந்த ஏரியின் உள்வாய் போல நீளமான, மட்டமான தரை வேறெங்கே கிடைக்கும்? கரையோரம் கீற்றுக் கொட்டகை போட்டு அதற்குள் விமானத்தை நிறுத்தி வைத்திருப்பார். மாடுகள் வந்து அதன் வாலில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். ‘கோடையில் ஏரிக்குள் விமானம் நிறுத்த ஆட்சேபணை இல்லை’ என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்கு அந்த அதிகாரம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் கால்வாய்ப் பிரச்சினையைக் கேட்டதும் அவர் என் தோளைப் பிடித்தார்.

“இன்னா சார் நீங்க? ரெண்டு மாசமா முள்ளுல நடந்துக்கினு பேஜார் பட்டுக்கினு கீறீங்க. மேல இருந்து பாத்தா அரை மணியில தெரிஞ்சிடும். நாளைக்குக் காலைல வந்துடுங்க, நாஷ்டா நம்ம வூட்ல.”

அதுவரை அவர் தனியாகத்தான் பறந்துகொண்டிருந்தார். ஊரில் ஒருவரும் கூட ஏறியதில்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, முதல் ஆளாக நான் ஏறினேன்.

ஏறுவதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். கால் மணி நேரம் பூஜை நடந்தது. சூடம், தேங்காய், மூக்கில் சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பழம் சரியாக நடுவில் இருக்கிறதா என்று முதலாளி மண்டியிட்டுப் பார்த்தார், இரண்டு முறை திருத்தி வைத்தார். விமானத்தைச் சுற்றி வந்து அவர் பார்த்தது அந்தப் பழத்தை மட்டும்தான். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்டேன். என் எதிரில் இருந்த முள் பாதியில் நின்றது.

“அது எப்பவும் பாதியிலதான் சார் நிக்கும். ராசியான முள்ளு. நேத்து நானே ஊத்தினேன், போதும்.”

என் இருக்கையின் பெல்ட்டுக்குக் கொக்கி இல்லை. அவர் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து, அறுந்த இரண்டு நுனிகளையும் சேர்த்து, வைக்கோல் கட்டுக்குப் போடுவது போல ஒரு முடிச்சுப் போட்டார். அது நல்ல முடிச்சுதான். நான் எஞ்சினியரிங் படித்தவன், கரையில் ஒரு எலி வளையைப் பார்த்தால் நின்று குச்சி விட்டு ஆழம் பார்க்கிறவன். முள் வேலை செய்யவில்லை, பெல்ட் இல்லை என்று இரண்டையும் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்ட இட்லி வயிற்றில் இருக்கும்போது ஒருவரிடம், “உங்கள் வண்டி சரியில்லை” என்று எப்படிச் சொல்வது?

மேலே போனதும், பொய் சொல்லக் கூடாது, உலகமே அழகாக இருந்தது. ஏரிகள் அத்தனையும் காய்ந்த தட்டுகளாகக் கிடந்தன. முதலாளி சொன்னது உண்மை. பத்தே நிமிஷத்தில் என் கால்வாய் அகப்பட்டது. வயல்களுக்கு நடுவே, கீழே இருந்து பார்த்தால் தெரியாத ஒரு கறுத்த கோடு வளைந்து வளைந்து வந்து, ஒரு மாந்தோப்பின் வேலியில் பட்டென்று நின்றது. தோப்புக்கு இந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. எனக்கு மூன்று முறை மோர் கொடுத்து, “அடுத்த நெலத்துல பாருங்க” என்று அனுப்பியவரின் தோப்பு. நான் சந்தோஷத்தில் கத்தினேன். முதலாளி அதற்கும் மேலே கத்தினார். கத்தும்போது விமானம் ஓட்டும் பிடியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்தார்.

வேலை முடிந்தது, திரும்புவோம் என்று நினைத்தேன். விமானம் வடக்கே போனது.

“சின்ன ஜோலி ஒண்ணு கீது சார். புள்ளலூர் மச்சான் வூடு.”

அவருடைய ஒரே மகள் கஸ்தூரிக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. முதல் பத்திரிகை பெண்ணின் தாய்மாமனுக்கு. அதையும் ஆள் மூலம் கொடுத்தனுப்பக் கூடாது, தபாலில் போடக் கூடாது, வெற்றிலை பாக்கோடு நேரில் வைத்து வாயால் அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு வந்தும் சாப்பிடாமல் போய்விடுவார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். “உன்ன அழைக்கிற மாதிரி ஒருத்தனையும் அழைக்க மாட்டேன்” என்று முதலாளி மச்சானுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். அவர் காலடியில் இருந்த மஞ்சள் பையில் மஞ்சள் தடவிய பத்திரிகை, வெற்றிலை பாக்கு, ஒரு முழுத் தேங்காய்.

புள்ளலூருக்கு மேலே தாழ இறங்கினோம். மச்சான் வீட்டுக் களத்தில் ஆட்கள் அண்ணாந்து கையாட்டினார்கள். முதலாளி கண்ணாடியைத் திறந்தார். ஒரு கையில் பையை எடுத்தார். அப்புறம் மிகச் சாதாரணமாக, சந்தையில் பையைக் கொடுப்பது போல, விமானத்தின் பிடியை என் பக்கம் காட்டினார்.

“ஒரு நிமிசம் இத்தப் புடிங்க சார்.”

“எனக்குத் தெரியாது முதலாளி!”

“இன்னா பெரிய வித்தை? கொயந்தையப் புடிக்கிற மாதிரி புடிங்க.”

பிடித்தேன். அவர் இடுப்பு வரை வெளியே சாய்ந்து பையை விட்டெறிந்தார். அதோடு விட்டாரா? வாயால் அழைக்க வேண்டுமே!

“மச்சாஆன்! குடும்பத்தோட வந்துடணும்! மொத நாளே வந்துடணும்!”

எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருந்த எனக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது. நான் பிடியை இறுக்கிப் பிடித்தேன். பயத்தில் முன்பக்கம் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது. மூக்கு கவிழ்ந்தது. களத்து ஆட்கள் கையாட்டுவதை நிறுத்திவிட்டு ஓடினார்கள். எதிரே ஒரு வரிசைப் பனைமரம். நுங்குக் குலையை எண்ணலாம் போல அத்தனை கிட்டத்தில் இருந்தது. என் அம்மா பெயரை நான் சத்தமாகச் சொன்னேன். முதலாளி உள்ளே விழுந்து, பிடியைப் பிடுங்கி, வயிற்றோடு சேர்த்து இழுத்தார். கீழே என்னவோ சரசரவென்று உரசியது.

மேலே வந்து நிதானப்பட்டதும் அவர் திரும்பிப் பார்த்து, “தேங்கா ஒடைஞ்சுதா சார்? பாத்தீங்களா?” என்றார்.

ஏரிக்குள் இறங்கினோம். சக்கரத்தில் இரண்டு முழ நீளத்துக்குப் பனையோலை சுற்றியிருந்தது. மில் ஆட்கள், ஆடு மேய்ப்பவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைகள் என்று ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். இறங்கியவன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி என்னை ஆதரவாகப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் எதிரிலும் குழந்தை மாதிரி ஆசையோடு கேட்டார்.

“இன்னா சார், எப்டி கீது நம்ம ஓட்டம்?”

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தை எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதமாகக் கிடைக்காத கால்வாயை அந்த மனிதர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். சோறு போட்டிருக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்க்கப்பட்டவன் நான். அவர் கண்ணில் அத்தனை சந்தோஷம்.

“அருமை, முதலாளி! பிரமாதம்!” என்றேன்.

கூட்டம் கைதட்டியது.

வரத்துக்கால்வாய் அறிக்கையை எழுதினேன். தோப்பு வேலி பின்வாங்கியது. எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. விமானத்தில் ஏறியதைப் பற்றி வீட்டிலும் ஆபீஸிலும் வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லிப் பயத்தை ஆற்றிக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில்லின் நெல் களத்தில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பாலாற்றங்கரை ஓரிக்கைக்காரர். புள்ளலூர் மச்சான் முதல் நாளே வந்து, தேங்காய் விழுந்த இடத்தில் ஓடு உடைந்த கதையை எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தபோது, முதலாளியின் மனைவி சகுந்தலா அம்மாள் எதிரில் வந்து நின்றார். மில்லில் நெல் அவிக்கிற வேலை முழுவதும் அவர் மேற்பார்வை. அதிகம் பேசாத அம்மாள்.

“சார், ஒண்ணு கேக்கணும். நாளைக்குக் காலைல பொண்ணப் பிளேன்லயே ஓரிக்கைக்கு இட்டுக்கினு போவப் போறாராம். பாலாத்து மணல்ல எறக்குவாராம். மாப்ள வூட்டுக்காரங்க ஆரத்தியோட அங்கயே நிப்பாங்களாம். நீங்க படிச்சவரு. கூடப் போயிட்டு வந்தவரு. சொல்லுங்க, அனுப்பலாமா?”

அக்கம்பக்கம் இலையில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். கல்யாண வீடு. மங்கள வாத்தியம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அபசகுனமாக ஒரு வார்த்தை எப்படிச் சொல்வது? பத்தடி தள்ளி முதலாளி யாருக்கோ பாயசம் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தாம்மா ஓட்டறாரு. பயப்படாதீங்க” என்றேன்.

அந்த அம்மாள் முகம் தெளிந்து, “போதும் சார், நீங்க சொன்னா சரி” என்று சொல்லி என் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார்.

அந்த வடையைத் தின்ன முடியவில்லை. கை கழுவும்போது எங்கள் அதிகாரி ஞாபகத்துக்கு வந்தார். சிடுசிடுப்பான மனிதர், அவரிடம் பாராட்டு வாங்கியவர் எங்கள் ஆபீஸில் யாருமில்லை. மழைக்கு முன்னால் கரையைப் பார்த்துவிட்டு வந்தால் அவர் அளவைக் கேட்க மாட்டார், படத்தைக் கேட்க மாட்டார். முதல் கேள்வி, “எந்த இடத்துல பயமா இருந்துது?” என்பதுதான். ஒன்றுமில்லை என்றால் திரும்ப நடக்கச் சொல்வார். அந்த இடத்தைத்தான் நோட்டில் முதல் வரியாக எழுத வேண்டும். அதன்படி எல்லாக் கரைக்கும் எழுதியிருக்கிறேன். துண்டு கட்டின இருக்கைக்கு மட்டும் எழுதவில்லை.

பாலாற்று மணலைப் பற்றியும் எனக்குத் தெரியும். மேலே இருந்து பார்த்தால் வேட்டி விரித்தது போல இருக்கும். கோடையில் குடிதண்ணீருக்கும் பாசனத்துக்கும் ஊற்றுத் தோண்டிப் போட்டிருப்பார்கள். ஒரு இடத்தில் கல்லாக இருக்கும், இரண்டடி தள்ளி முழங்கால் வரை வாங்கும். நடக்கிறவனுக்கே அது தெரியாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏரிக்குள் போய்விட்டேன். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று முதலாளி பரபரத்துக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. கஸ்தூரி அரக்குப் பட்டுப் புடவையோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு துண்டு, அதே முடிச்சு. சிரித்துக்கொண்டு அம்மாவுக்குக் கையாட்டினாள். மாப்பிள்ளையும் மற்றவர்களும் காரில் முன்னாலேயே ஓரிக்கைக்குப் போய்விட்டார்கள்.

நான் விமானத்தின் எதிரே போய் நின்றேன்.

“முதலாளி, இன்னிக்கு வேண்டாம். ஏரிக்குள்ள விமானம் ஓட்டறதைப் பத்தி மேலதிகாரியைக் கேக்கணும். அந்தக் கடிதத்தை நான் வாபஸ் வாங்கறேன்.”

“இன்னிக்கா? கல்யாணம் முடிஞ்ச மறுநாளா? தமாசு பண்ணாதீங்க சார், நேரமாவுது.”

“பாலாத்து மணல் சரியில்லை. ஊத்து வெட்டி வெச்சிருப்பாங்க. சக்கரம் மாட்டினா கவுந்துடும்.”

அவர் ஒரு கணம் யோசித்தார். எனக்கு உயிர் வந்தது.

“சரி, எறங்கல. ஓரிக்கைக்கு மேல ரெண்டு சுத்து சுத்திட்டு இங்கயே திரும்பிக் கொணாந்து எறக்கிடறேன். அப்பால கார்ல அனுப்பிக்கலாம். போதுமா?”

நான் விமானத்தின் எதிரிலிருந்து நகரவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“ராகு காலம் வர்ற வரைக்கும் பேசிக்கினே நிக்கலாம்னு பாக்கறீங்களா? அதுதானே? ஒம்பதுக்கு அப்பால கெளம்புவேன். உங்களுக்கு இன்னாதான் சார் பிரச்சினை? போன மாசம் நல்லாருந்த லெட்டரு இன்னிக்கு இன்னா ஆச்சு?”

கடிதம், மணல், மேலதிகாரி என்று ஒளிய இருந்த இடமெல்லாம் தீர்ந்துவிட்டது.

“லெட்டருக்கு ஒண்ணும் ஆகலை முதலாளி. மணலும் இல்லை. நீங்கதான். உங்க கூட நான் பறந்தேன். அந்தப் பனைமரத்துக்கிட்ட நான் செத்துட்டேன்னே நெனச்சேன். முள்ளு ஓடலை, பெல்ட் இல்லை, தெரியாதவன் கையில பிடியைக் குடுத்துட்டு நீங்க வெளியில தொங்கறீங்க. உங்க பொண்ணை இதுல ஏத்தாதீங்க.”

ஆட்டுக்குட்டி கத்துவது கூடக் கேட்டது. சகுந்தலா அம்மாள்தான் முதலில் பேசினார்.

“நேத்து நல்லா ஓட்டறாருன்னு சொன்னீங்களே சார்?”

“பொய் சொன்னேம்மா.”

என் வாழ்க்கையில் அத்தனை வெட்கப்பட்டுச் சொன்ன வார்த்தை வேறில்லை. அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். நேராக விமானத்துக்குப் போய், துண்டு முடிச்சை அவிழ்த்து, “எறங்குடி” என்றார்.

கஸ்தூரி அழுதுகொண்டே இறங்கினாள். “எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். நல்லாக் கெடுத்தீங்க சார்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். முதலாளி யாருடைய தோளையும் பிடிக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தார். தனியாகக் கிளப்பிக்கொண்டு போனார்.

இருபது நிமிஷம் கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்து, எடுத்த வாயை மூடிக்கொண்டேன். என் ஆறுதலின் மதிப்பு அவருக்குத் தெரிந்துபோயிற்று. அப்புறம் வடமேற்கே இருந்து விமானம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, பூப்போல இறக்கினார். குலுக்கல் இல்லை, ஆட்டம் இல்லை. கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. முதலாளி இறங்கி என்னைக் கடந்து போய் ஜீப்பில் ஏறினார்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் தடுத்து நிறுத்திய ஆபத்து ஒருநாளும் நேரில் வந்து உங்களுக்குச் சாட்சி சொல்லாது. ஊர் உங்களைக் கோழை என்றோ பொறாமைக்காரன் என்றோதான் சொல்லும். எனக்கு ‘பொண்ண எறக்கின ஓவர்சியர்’ என்று பெயர் விழுந்தது. டீக்கடையில் என்னைக் கண்டால் பேச்சு நின்றது. அதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். முதலாளி பேசாததைத்தான் பொறுக்க முடியவில்லை. வேலை முடிந்து திரும்பும்போது மில் வாசலில் என் சைக்கிள் தானாக மெதுவாகும். உள்ளே அவர் குரல் கேட்கும். “வாங்க சார், டீ சாப்டலாம்” என்று கூப்பிடுவாரா என்று பார்ப்பேன். கூப்பிட மாட்டார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் மத்தியானம், என் ஆபீஸுக்கு வந்தார். நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“மெட்ராஸ்லருந்து மெக்கானிக் ஒருத்தன இட்டாந்தேன். எல்லாம் சரியாக் கீதுன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கி உன் மூஞ்சில விட்டெறியணும்னுதான் இட்டாந்தேன்” என்றார்.

அன்றுதான் என்னை முதன்முதலாக ஒருமையில் பேசினார்.

“ரெண்டு நாளு குடைஞ்சான். அப்பால, நீயே மெட்ராசுக்கு ஓட்டிக்கினு போயிடுப்பான்னு சாவியக் குடுத்தேன். மாட்டேன்னுட்டான். எனக்குப் புள்ளகுட்டி கீதுன்றான். றெக்கையக் கயட்டி லாரில ஏத்தி அனுப்பினேன்யா.”

எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. நான் சொன்னது சரியாகப் போயிற்று. எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“பொண்ண எறக்கினதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அத்த எப்பவோ மறந்துட்டேன். நீ மொத நாளு எறங்கினியே, அப்ப இன்னா சொன்ன?”

நான் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தேன்.

“அருமைன்ன. பிரமாதம்ன. படிச்சவன், எலி வளைக்கே குச்சி உட்டுப் பாக்கறவன், அவனே சொல்லிட்டான்னு நம்பினேன்யா. அதுக்கப்பறம்தான் தைரியமா ஆளுங்கள ஏத்தினேன். மில் மேஸ்திரி, கணக்கப்புள்ள, மச்சான் பசங்க ரெண்டு பேரு... கல்யாணத்துக்குள்ள பதினோரு பேரு. எங்க அம்மாவையும் ஏத்தினேன். எழுவத்தஞ்சு வயசு. அந்தத் துண்டுலதான் கட்டினேன்.”

தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மேல போனதுலருந்து எறங்கற வரைக்கும் கையெடுத்துக் கும்புட்டுக்கினே வந்தாங்க. கோயில் கோபுரம் தெரியுது, அதான் கும்புடறாங்கன்னு நெனச்சேன். எறங்கினதும் கேட்டேன். ‘நல்லாருந்துதுடா நைனா’ன்னாங்க. எல்லாரும் அத்தயேதான் சொன்னாங்க. ஓவர்சியர் அருமைன்னு சொன்னதுக்கப்பறம் அவங்க வேற இன்னாய்யா சொல்லுவாங்க?”

அப்புறம் எழுந்து, போகிற போக்கில் என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, “சாயங்காலம் வூட்டுப் பக்கம் வா” என்று சொல்லிப் போனார். போனேன். அவர் இருந்தவரை போய்க்கொண்டிருந்தேன்.

பதினொரு பேர், பிள்ளைகளே. அவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் விசாரணை நடந்திருக்கும். துரைசாமியின் பெயரை எழுதியிருப்பார்கள், விமானத்தின் கோளாறுகளை எழுதியிருப்பார்கள். கைதட்டிய ஐம்பது பேர் எதிரில் நான் சொன்ன அந்த ‘அருமை’ மட்டும் எந்தக் காகிதத்திலும் வந்திருக்காது.